கை நீட்டாமல் நிற்கப் பழகும் படிப்பு

நோயாலோ காயத்தாலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. அதைப் படிக்கச் சேர்ந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு வீட்டுப்பாடம் வரும். தினமும் செய்கிற ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு அதைக் கூறுகூறாகப் பிரித்து எழுதிவர வேண்டும். பல் துலக்குவது, செருப்பு மாட்டுவது, சட்டை போடுவது, எதுவானாலும் சரி. இதில் எழுத என்ன இருக்கிறது என்று பலர் அரைப் பக்கத்தோடு வருவார்கள். ஆசிரியர் படித்துவிட்டு, மீதியை எழுதிக்கொண்டு வா என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சட்டைப் பட்டன் ஒன்றை மட்டும் பார்ப்போம். ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டனின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். மற்ற கை, துளையின் ஓரத்தை இழுத்து விரித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். பட்டன் பாதி நுழைந்ததும் இந்தப் பக்கப் பிடியை விட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்து இழுக்க வேண்டும். கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனி சொல்வதை நம்பித்தான் போட வேண்டும். எந்தப் பட்டன் எந்தத் துளைக்கு என்ற வரிசை தப்பக் கூடாது. இவ்வளவும் நடக்கும்வரை முதுகு சரியாமல் உட்கார்ந்திருக்க உடம்பில் பலம் வேண்டும். அப்புறம், சட்டை போட்டுக்கொண்டு எங்கேயாவது போக வேண்டும் என்ற எண்ணமும் வேண்டும்.

இதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். படிப்பின் அடித்தளமே இதுதான். ஏனென்றால் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும்: “சட்டை போட முடியவில்லை.” பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை ஒத்துழைக்காமல் இருக்கலாம். பார்கின்சன் நோய் உள்ளவருக்கு விரல்களின் வேகம் குறைந்திருக்கலாம். மறதி நோயில் வரிசை கலைந்திருக்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் காலர் கழுத்தில் உரசுவதே தாங்க முடியாததாக இருக்கலாம். கடுமையான மனச்சோர்வில் கை, கண், நினைவு எல்லாம் நன்றாக இருந்தும் சட்டையை எடுக்கத் தோன்றாமலே போகலாம். புகார் ஒன்று, காரணம் ஐந்து, செய்ய வேண்டியதும் ஐந்து விதம்.

பிரித்துப் பார்ப்பதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். பார்த்த பிறகு ஓடிப்போய் உதவாமல் இருப்பதைக் கற்றுக்கொடுப்பதுதான் பெரும்பாடு. ஒரு மாணவர் தெரபிஸ்டாக மாறுவது எங்கே என்று என்னைக் கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன். சேரும்போது கிட்டத்தட்ட எல்லோரும் சொல்லும் காரணம், “நாலு பேருக்கு உதவணும்” என்பது. படிப்பு முழுக்க அந்த ஆசையோடு மல்லுக்கட்டுவதுதான்.

பாடத்திட்டம் ஏன் இப்படிக் கலந்துகட்டி இருக்கிறது

ஒரே வாரத்தில் கைத்தசைகளின் அனாட்டமி, சமூகவியல், மனநோய்கள், மரவேலை அல்லது நெசவு போன்ற ஏதோ ஒரு கைவினை, சக்கர நாற்காலிக்கு அளவெடுப்பது என்று வகுப்புகள் வரும். இது மருத்துவப் படிப்பா, சமூகப்பணியா, தொழிற்கல்வியா என்று புதிதாக வந்தவர் குழம்புவது நியாயம்தான். பதில் இந்தத் துறை பிறந்த விதத்தில் இருக்கிறது.

1917 மார்ச்சில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி இந்தத் துறைக்கான முதல் சங்கத்தைத் தொடங்கினார்கள். கூட்டியவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் ஒரு கட்டடக்கலைஞர். காசநோயிலும் இடப்பக்கச் செயலிழப்பிலும் கிடந்து, தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து மீண்டவர். வில்லியம் ரஷ் டன்டன் மனநல மருத்துவர். எலினார் கிளார்க் ஸ்லாகிள் சமூகப்பணிப் பின்னணி கொண்டவர். சூசன் ஜான்சன் கைவினை ஆசிரியை. தாமஸ் கிட்னர் இன்னொரு கட்டடக்கலைஞர், தொழிற்கல்வி அதிகாரி. பார்ட்டனின் செயலாளர் இசபெல் நியூட்டன் ஆறாவது ஆள். முழுநேர மருத்துவர் என்று பார்த்தால் ஒருவர்தான். இன்றைய பாடத்திட்டத்தின் கலவை அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஆண்டே முதல் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக இந்த வேலைக்குப் பெண்களைப் பயிற்றுவித்து அனுப்பத் தொடங்கினார்கள். பிறகு பள்ளிகள் பரவின. 1930இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மருத்துவர் எலிசபெத் காசன் டார்செட் ஹவுஸ் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் ஆசியாவின் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952இல் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பே உருவாகிவிட்டது.

இடையில் ஒரு சறுக்கல். மருத்துவ உலகில் மரியாதை வேண்டும் என்றால் மருத்துவர்கள் போலவே அளக்க வேண்டும் என்று துறை நினைத்தது. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடி எத்தனை கிலோ என்பதில் கவனம் போய், அந்தக் கையை வைத்து மனிதர் என்ன செய்ய விரும்புகிறார் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. 1961இல் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் மேரி ரெய்லி ஆற்றிய உரை இதற்கான எதிர்ப்புக் குரல். தன் கைகளால் வேலை செய்வதன் மூலம் மனிதன் தன் உடல்நலத்தின் மீதே செல்வாக்குச் செலுத்த முடியும் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். அவருடைய மாணவர் கேரி கீல்ஹாஃப்னர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1980இல் வெளியிட்ட கோட்பாட்டு மாதிரி (மாடல்) மூன்று கேள்விகளை முன்வைத்தது: ஒருவரை எது செயல்படத் தூண்டுகிறது, அவருடைய பழக்கங்களும் பொறுப்புகளும் என்ன, அவரால் எவ்வளவு முடியும். இன்று உலகம் முழுக்க மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின இரவு உருப்போடுவது இதைத்தான்.

தேர்வுக்காக மட்டும் படித்தால் இந்த மாதிரிகள் சலிப்பூட்டும். ‘பட்டன் போட முடியவில்லை, காரணம் ஐந்து’ என்ற இடத்தில் எதையும் விட்டுவிடாமல் தேட ஒரு வரைபடம் வேண்டும் இல்லையா, அதற்குத்தான் இவை.

லேபில்

அனாட்டமி எல்லோருக்கும் பயம். கையில் மட்டும் 27 எலும்புகள். தோளில் இருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலை மனப்பாடமாக வரையச் சொல்வார்கள். இது உருப்போட்டால் தீரும். தீராதது ஸ்பிளிண்ட் லேப்.

ஸ்பிளிண்ட் என்றால் கையையோ மணிக்கட்டையோ சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் கட்டு. முதலில் ஆளின் கையைத் தாளில் வைத்து வரைந்து மாதிரி வெட்ட வேண்டும். வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் தகட்டை ஏறத்தாழ 65, 70 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் போட்டு, தளர்ந்ததும் எடுத்துத் துடைத்து, சூட்டைத் தன் கையில் சோதித்த பிறகு ஆளின் கைமேல் படியவிட வேண்டும். இறுகும்வரை கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் மணிக்கட்டு மேல்நோக்கிக் கொஞ்சம் நிமிர்ந்திருக்க வேண்டும், கட்டைவிரலுக்கு இடம் விட வேண்டும், உள்ளங்கையின் குழிவு தட்டையாகிவிடக் கூடாது. முதல் தடவை செய்பவர்கள் விரல் நுனியால் அழுத்திப் பிடிப்பார்கள். அந்த விரல் தடம் அப்படியே பதிந்து இறுகிவிடும். பின்னால் அதே இடம் தோலைக் குத்தும். உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தடவிப் படியவைக்க வேண்டும் என்பது ஒரு தகடு வீணான பிறகுதான் புரியும். மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையில் பிளாஸ்டிக் இடித்தால் மொத்தமும் வீண். மாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வீட்டுக்கு அனுப்பினால் ஆள் ஸ்பிளிண்டைக் கழற்றி அலமாரியில் போட்டுவிடுவார்.

இன்னொரு வழக்கமான பயிற்சி, ஒரு நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் சுற்றுவது அல்லது ஒரு கையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது. மாணவர்கள் உருகிப்போய் எழுதுவார்கள். எனக்கு இதில் பாதி மனசுதான். ஒரு நாள் உட்கார்ந்தவருக்குக் கிடைப்பது புதிதாக விழுந்தவரின் திகைப்பு. பத்து வருடமாக அதில் வேலைக்குப் போய் வருகிறவரின் திறமையோ பழக்கமோ அதில் எட்டிக்கூடப் பார்க்காது. கடைசியில் மிஞ்சுவது பரிதாபம். மாற்றுத்திறனாளிகள் இந்தப் பயிற்சியைக் கடிந்துகொள்வதும் அதனால்தான். கதவு எவ்வளவு குறுகல், வாசல்படி எங்கே தடுக்கிறது என்று கட்டடத்தை அளக்கும் பயிற்சியாக மாற்றினால் மட்டும் உருப்படியான பலன் உண்டு. வாழ்க்கை எப்படி என்று தெரிய வேண்டுமானால் அந்த நாற்காலியில் வாழ்கிறவரை வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்வது மேல்.

போஸ்டிங்

உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரப்படி மேற்பார்வையில் செய்யும் களப்பயிற்சி, அதாவது போஸ்டிங், மட்டும் 1000 மணி நேரம் இருக்க வேண்டும். மருத்துவமனை வார்டு, மறுவாழ்வு மையம், மனநலப் பிரிவு, குழந்தைகள் பிரிவு, வீடுகள் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் ஓரமாக நின்று பார்ப்பது, பிறகு சூப்பர்வைசருடன் சேர்ந்து செய்வது, கடைசியில் சில நோயாளிகளைத் தானே பொறுப்பேற்பது என்று படிகள்.

நான் சொன்ன மல்லுக்கட்டு நடப்பது இங்கேதான். பக்கவாதத்தில் வலக்கை விழுந்த ஒருவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சட்டை போடப் பழகுகிறார். விதி எளியது: போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். சட்டையை மடியில் விரித்து, இடக்கையால் வலக்கையைத் தூக்கிச் சட்டைக் கைக்குள் விட்டு, தோள்வரை ஏற்றிவிட்டு, பிறகுதான் முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அவர் அவசரப்பட்டு நல்ல கையை முதலில் விட்டுவிடுகிறார். சட்டை முழங்கையில் சிக்கிக்கொள்கிறது. இழுக்கிறார், வரவில்லை. பக்கத்தில் நிற்கும் உறவினருக்குப் பொறுக்கவில்லை: “பார்த்துக்கிட்டே நிக்கிறீங்களே, ஒரு கை கொடுக்கக் கூடாதா?” மாணவரின் கை தானாக நீளும். நீட்டினால் பத்து நொடியில் முடிந்துவிடும், நாளைக் காலையும் அவர் இதே இடத்தில் சிக்கி நிற்பார். கொஞ்சம் பொறுத்து, “எந்தக் கை முதல்ல?” என்று மட்டும் கேட்டால் அவரே கழற்றிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வாய்ப்பு உண்டு.

அந்த இடைவெளியில் மாணவர் சும்மா நிற்கவில்லை. சாயப்போகிறாரா என்று பார்க்க வேண்டும், விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் இருக்க வேண்டும், எந்தக் கண்ணியில் அறுகிறது என்று குறிக்க வேண்டும். எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதற்கும் கணக்கு உண்டு. பரவலாகப் பயன்படும் அளவுகோலில் வேலையில் முக்கால் பங்குக்கு மேல் நோயாளியே செய்தால் அது குறைந்த உதவி. பாதிக்கு மேல் செய்தால் நடுத்தர உதவி. கால் பங்கும் செய்யாவிட்டால் முழு உதவி. தன் கை எவ்வளவு வேலை செய்தது என்று நேர்மையாகக் கணக்கு வைக்காத மாணவர், உண்மையில் தான் போட்டுவிட்ட சட்டையை நோயாளியின் முன்னேற்றமாக எழுதிவிடுவார்.

ஆனால் கை நீட்டாமல் இருப்பதையே வேதமாக்கிவிடவும் கூடாது. தானே உடுத்த ஒரு மணி நேரம் ஆகி, களைத்துப்போய், அன்றைக்குச் செய்ய நினைத்த வேலையைச் செய்ய முடியாமல் போகிறவர் இருக்கிறார். “சட்டையை யாராவது போட்டுவிடட்டும், எனக்கு அந்தத் தெம்பு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரத் தேவை” என்று அவர் சொன்னால் அதுவும் சரியான முடிவுதான். எங்கே உதவி வாங்குவது என்று தீர்மானிப்பவர் அவர். புத்தகத்தில் ‘சுதந்திரமாகச் செயல்படுதல்’ என்று படித்துவிட்டு வரும் மாணவருக்கு இதை ஏற்பது சட்டையைவிடக் கஷ்டம்.

அதனால்தான் என்ன வேண்டும் என்று முதலில் கேட்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கனடாவில் உருவாகி 1991இல் வெளியான ஒரு நேர்காணல் முறை இதற்குப் பேர்போனது. தன் நாளில் சிக்கலாக இருப்பவற்றை நோயாளியே சொல்வார், அவற்றில் அதிகபட்சம் ஐந்தை முக்கியம் என்று தேர்ந்தெடுப்பார். ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறேன், அதில் எனக்கு எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார். குளிப்பது, உடுத்துவது என்று மாணவர் பட்டியலோடு போனால், அவர் முதலில் சொல்வது கையெழுத்தாக இருக்கும், அல்லது பேத்தியின் தலையைப் பின்னிவிடுவதாக இருக்கும். இரண்டு மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று ஒட்டாமல் வருவது சுவாரஸ்யம். நன்றாகச் செய்தும் திருப்தி இல்லாதவர் உண்டு. சுமாராகச் செய்து நிம்மதியாக இருப்பவரும் உண்டு. யாருக்கு முதலில் நேரம் ஒதுக்க வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும்.

மோரீன் ஃபிளெமிங் என்ற ஆய்வாளர் 1991இல் தெரபிஸ்டின் மனம் மூன்று தடங்களில் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று எழுதினார். நோய் என்ன, செய்முறை என்ன என்பது ஒன்று. எதிரே இருக்கும் ஆள் இப்போது எப்படி இருக்கிறார் என்பது இரண்டாவது. அவருடைய வாழ்க்கை இனி எப்படிப் போகலாம் என்பது மூன்றாவது. புதிதாக வந்தவருக்கு முதல் தடமே மூச்சு முட்ட வைக்கும். சட்டைக்கான படிகளைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருப்பார். எதிரே இருப்பவரின் கண் கலங்கியதைக் கவனித்திருக்க மாட்டார். இதற்காக மாணவரைத் திட்டுவதில் பயனில்லை. முதல் தடம் பழகினால்தான் மற்ற இரண்டுக்கும் மனதில் இடம் கிடைக்கும்.

எழுத்து வேலை தனிக் கதை. ‘கை பலம் கூடும்’ என்று இலக்கு எழுதினால் சிவப்பு மை விழும். ‘இரண்டு வாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஒரு முறை மட்டும் வாய்மொழியாக நினைவூட்டினால், முன்பக்கப் பட்டன் வைத்த சட்டையைத் தானே அணிவார்’ என்று எழுத வேண்டும். யார், எதை, எந்த நிலையில், எவ்வளவு உதவியுடன், எப்போதைக்குள். இப்படி எழுதிப் பழகியவர்களுக்கு என்ன சிகிச்சை செய்வது என்ற குழப்பம் பாதி குறைந்துவிடும்.

வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் போஸ்டிங் வாய்த்தால் விடக் கூடாது. மருத்துவமனைத் தளம் சமமாக இருக்கும், குளியலறைக் கதவு அகலமாக இருக்கும். வீட்டில் அப்படி எதுவும் இருக்காது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு 1க்கு 12. வாசல் தரையில் இருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். டேப்பை எடுத்து அளந்தால் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே 3 மீட்டர்தான் இருக்கும். சாய்தளத்தை மடக்கித் திருப்புவதா, பின்வாசல் வழியா, படியில் பிடிமானம் வைத்து ஒருவர் துணையோடு ஏறுவதா என்று அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். வகுப்பில் சுலபமாக மனப்பாடம் செய்த விகிதம் அந்த முற்றத்தில் ஒரு பிரச்சினையாக நிற்கும்.

நடுவில் வரும் சந்தேகம்

படிப்பின் பாதியில் பலருக்கு ஒரு சோர்வு வரும். பிசியோதெரபி மாணவர் தன் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடுவார், இவரால் முடியாது. பக்கத்து வார்டில் நரம்பியல் மருத்துவர் ஊசி போடுகிறார், இவர் பட்டன் பலகையும் துணி கிளிப்பும் எடுத்துக்கொண்டு போகிறார். நாம் செய்வது விளையாட்டா என்று தோன்றும். கை சிகிச்சைப் பிரிவில் இரண்டு துறைகளின் எல்லையும் நிஜமாகவே கலங்கலாகத்தான் இருக்கும், அதை ஒப்புக்கொள்வதில் தவறில்லை. தோள் எத்தனை டிகிரி உயர்கிறது என்பது இருவருக்கும் முக்கியம். அந்தத் தோளை வைத்து அவர் மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்கிறாரா, இல்லை தட்டையே கீழே இறக்கிவிடலாமா என்று கேட்பது இவருடைய பங்கு.

காசும் நேரமும் இன்னொரு கவலை. களப்பயிற்சிக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. முழு நாள் வார்டில் நின்றுவிட்டு இரவில் கேஸ் ரிப்போர்ட் எழுதும் மாதங்களில் பகுதிநேர வேலை ஓடாது. சேருவதற்கு முன்பே அந்த மாதங்களுக்கு வழி பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மனதளவில் அதிகம் அடிவாங்குவது மனநலப் பிரிவிலும், முன்னேற்றம் மெதுவாகவே வரும் குழந்தைகள் பிரிவிலும். போஸ்டிங்கில் தடுமாறுகிறவர்கள் பாடம் தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். சூப்பர்வைசர் சொன்னதைக் காதில் வாங்காமல் இருப்பது, புரியாததைப் புரிந்தது போல் காட்டிக்கொள்வது, இந்த இரண்டும் நல்ல மதிப்பெண் வாங்குகிறவரையும் கவிழ்க்கும்.

எத்தனை வருடம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் மூன்று வருடப் பட்டம் படித்துப் பதிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் முதுகலையோ முனைவர் நிலைப் பட்டமோ வேண்டும், அதில் முழுநேரக் களப்பயிற்சி மட்டும் குறைந்தது 24 வாரம், அதன்பின் தேசியத் தேர்வு. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்பு உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு வேறு நாட்டுக்குப் போக நினைக்கும்போது அங்கே தனியாகப் பதிவும் தேர்வும் இருந்தாலும் இது கைகொடுக்கும். களப்பயிற்சி எந்தெந்த இடங்களில், எத்தனை மாணவருக்கு ஒரு சூப்பர்வைசர் என்பதையும் சேரும் முன்பே கேட்கலாம். கட்டடத்தைவிட அதுதான் முக்கியம்.

பட்டம் வாங்கியதும் முதல் வேலைக்கு நேர்காணல் போகிறவர்கள் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அங்கே மூத்த தெரபிஸ்ட் யாராவது இருக்கிறாரா, வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து கேஸ்களைப் பற்றிப் பேச முடியுமா. தனி ஆளாக ஒரு பிரிவையே பார்த்துக்கொள்ளச் சொல்லும் இடத்தில் முதல் வருடம் முழுக்கக் கை நீட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டிவரும். ஒவ்வொரு நோயாளிக்கும் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்தால் போதும் என்று ஆகிவிடும், பொறுத்து நின்று பார்க்கப் பழகியதெல்லாம் சில மாதத்திலேயே மறந்துவிடும்.